தில்லியில் ஒரு சாலைக்குப் பணியில் உயிர்நீத்த காவலரின் பெயரை வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தில்லி ரிங் ரோட்டுக்கு அரசு வைத்த பெயர் மகாத்மா காந்தி மார்க். ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் ஓட்டுநர் எந்த இடம் என்று திருப்பிக் கேட்பார். கனாட் பிளேஸுக்கு 1995இல் ராஜீவ் சவுக் என்று பெயர் மாற்றினார்கள். ஊர் இன்னும் சி.பி. என்றுதான் சொல்கிறது. ஆனால் அதற்கு அடியில் இருக்கிற மெட்ரோ நிலையம் எல்லோருக்கும் ராஜீவ் சவுக்தான். ரயிலில் அறிவிப்பு அப்படி வருகிறது, வழித்தடப் படத்தில் அப்படி இருக்கிறது, இறங்கிக்கொள் என்று வீட்டில் சொல்லி அனுப்புவதும் அப்படித்தான்.

காவலர் ஒருவரின் பெயரைச் சாலைக்கு வைக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். தீர்மானம் போடுவதும் பலகை நடுவதும் பாதி வேலை. அந்தப் பெயர் நாலு பேர் வாயில் புழங்க வேண்டும். அதற்குத் தோதான இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கேட்பதுதான் மீதிப் பாதி, என்னைக் கேட்டால் பெரிய பாதி.

தில்லி காவல் துறையிலும், சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளிலும் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆர்.கே.புரம், முனிர்க்கா, மயூர் விகார், ஜனக்புரி என்று நாம் சேர்ந்து வாழும் பகுதிகளில் அப்படி ஒரு குடும்பமாவது தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவருக்காகத் தமிழ்ச் சங்கமோ குடியிருப்போர் நலச் சங்கமோ முன்னின்று இந்த வேலையைச் செய்வதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தனி ஆளாகச் செய்தாலும் வழி இதுதான்.

முதலில் குடும்பம்

துக்கம் நடந்த வீட்டுக்குப் பதினாறாம் நாளுக்குள் காகிதத்தோடு போகாதீர்கள். உதவித்தொகை, குடும்ப ஓய்வூதியம், கருணை அடிப்படையில் வேலை என்று அந்த வீட்டில் பல மனுக்கள் நிலுவையில் இருக்கும். இந்தி சரியாக வராத மனைவி, அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருப்பார். அந்த மனுக்களை எழுதிக் கொடுங்கள், கூடப் போய் நில்லுங்கள். சாலைப் பெயர் அதற்கு அப்புறம்.

பேச்சை எடுக்கும்போது மனைவி, பெற்றோர் இரு தரப்பிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். தில்லியில் இருக்கும் மனைவி சரி என்று சொல்லி, ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் செய்தித்தாள் பார்த்துத்தான் விஷயம் தெரிய வந்தால் அந்த மனக்கசப்பு ஆறாது. "தம்பி, எம்பிள்ள பேர எல்லாரும் மிதிச்சிட்டுப் போவாங்களே" என்று ஒரு தாய் சொன்னால் சமாதானம் சொல்லி மடக்காதீர்கள். சாலை வேண்டாம், பூங்காவோ நூலகமோ போதும் என்று அவர் நினைக்கலாம். அது அவர்களுடைய உரிமை. சம்மதம் கிடைத்தால் இரண்டு வரியில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். பின்னால் எந்தக் குழுவும் முதலில் கேட்கிற காகிதம் அதுதான்.

இன்னொன்று. இறப்பு தொடர்பான வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால், மனுவில் குற்றவாளி யார், சதி என்ன என்றெல்லாம் எழுத வேண்டாம். எந்த நாள், எந்த இடம், என்ன பணி, எப்படி இறந்தார் என்பது மட்டும் போதும்.

நெடுஞ்சாலையா, நம் தெருவா?

பெரும்பாலானவர்களின் முதல் ஆசை நெடுஞ்சாலை. அதில் நியாயம் இருக்கிறது. தில்லியைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, ஸ்ரீநகரில் தொடங்கி சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிறது. நம் பிள்ளையின் பெயர் அந்தச் சாலையில் இருக்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு அடையாளம் எண்தான். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி அவை மத்திய அரசின் உடைமை. அதில் ஒரு பகுதிக்குப் பெயர் வேண்டும் என்றால் மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்துக்குப் போக வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம் இல்லாமல் அந்தக் கோப்பு நகர்வது கடினம். அப்படியே கிடைத்தாலும், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு பலகையைப் பார்ப்பார், கடந்துவிடுவார். அந்தப் பெயரை முகவரியாக எழுத அங்கே வீடு கிடையாது.

நெடுஞ்சாலைதான் வேண்டும் என்றால் முழு நீளத்தைக் கேட்காமல் அதில் ஒரு மேம்பாலத்தையோ, சுரங்கப்பாதையையோ, சந்திப்பையோ கேளுங்கள். மேம்பாலம் தனியாகத் தெரியும், போக்குவரத்துச் செய்தியில் அதன் பெயர் வரும். பாரபுல்லா மேம்பாலச் சாலைக்கு பாபா பந்தா சிங் பகதூர் சேது என்று பெயர் வைத்தது இந்த வகை.

என்னுடைய தேர்வு வேறு. அவர் குடியிருந்த காலனிக்குப் போகும் இணைப்புச் சாலை, அவர் வேலை பார்த்த காவல் நிலையத்துக்கு முன்னால் ஓடும் சாலை, அவர் பிள்ளைகள் படித்த பள்ளியின் தெரு: இவற்றில் இதுவரை பெயர் இல்லாத ஒன்றைப் பிடியுங்கள். அங்கே அவரை நேரில் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

"இதுவரை பெயர் இல்லாத" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மத்திய உள்துறை அமைச்சகம் 1975இல் கடிதம் மூலம் தந்த வழிகாட்டுதல், பழகிப்போன சாலைப் பெயர்களை மாற்றக்கூடாது, புதிய சாலைகளுக்கும் பெயரில்லாத சாலைகளுக்கும் மட்டுமே தலைவர்கள், பெரியோர் பெயர்களை வைக்கலாம் என்கிறது. பெயரை மாற்றினால் தபால்துறைக்கும் மக்களுக்கும் குழப்பம், வரலாறும் அழியும் என்பது அது சொல்லும் காரணம். அவுரங்கசீப் சாலை 2015இல் அப்துல் கலாம் சாலை ஆனதையும், ராஜபாதை 2022இல் கர்தவ்ய பாதை ஆனதையும் காட்டி, "மாற்றத்தானே செய்கிறார்கள்" என்று கேட்கலாம். மேலிடம் விரும்பினால் மாறும். சாதாரணச் சங்கத்தின் மனுவை நிராகரிக்க அந்த 1975 கடிதம் ஒன்றே போதும். ஏற்கெனவே பெயருள்ள சாலையைக் கேட்டு வருடங்களை வீணாக்காதீர்கள்.

சாலை யாருடையது?

தில்லியில் நிறைய மனுக்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரே பகுதியில் நாலு சாலைக்கு நாலு முதலாளிகள் இருப்பார்கள். லுட்யன்ஸ் தில்லி எனப்படும், ஆங்கிலேயர் காலத்தில் திட்டமிட்டுக் கட்டிய புது தில்லியின் மையப் பகுதியும் அதை ஒட்டிய பகுதிகளும் புது தில்லி மாநகராட்சி மன்றத்தின் கையில், அதாவது என்.டி.எம்.சி.யிடம். மற்ற பெரும்பாலான இடங்களில் உள்தெருக்கள் தில்லி மாநகராட்சியிடம், அறுபது அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் பொதுப்பணித் துறையிடம். ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட் பகுதிக்குத் தனி வாரியம். புதிதாக மனை பிரித்த இடங்களில் தில்லி வளர்ச்சி ஆணையம். நெடுஞ்சாலைகளுக்கு தேசிய நெடுஞ்சாலை ஆணையம். போதாக்குறைக்கு, ஒரு துறையின் சாலை இன்னொரு துறைக்குக் கைமாறுவதும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஞாபகத்தை நம்பி மனு எழுத முடியாது.

கண்ணால் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். தார் போடும்போதோ சாக்கடை தோண்டும்போதோ ஓரத்தில் வைக்கிற பலகையில் துறையின் பெயரும் கோட்டத்தின் பெயரும் இருக்கும். தெருவிளக்குக் கம்பத்தில் எண்ணோடு துறையின் எழுத்துகளைப் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். கிலோமீட்டர் கல் இருந்து, அதன் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை.

உறுதிப்படுத்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். கேள்வி இப்படி இருக்கட்டும்:

"இணைத்துள்ள வரைபடத்தில் 'அ' முதல் 'ஆ' வரை குறித்துள்ள சாலை தங்கள் துறையின் பராமரிப்பில் உள்ளதா? ஆம் எனில், தங்கள் பதிவேட்டில் அதற்குப் பெயரோ எண்ணோ உள்ளதா? அச்சாலைக்குப் பெயர் சூட்டக் கோரி ஏற்கெனவே மனு எதுவும் நிலுவையில் உள்ளதா? சாலை தங்கள் துறையுடையது இல்லை எனில், இந்த விண்ணப்பத்தை உரிய துறைக்கு மாற்றி அனுப்பவும்."

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதே சாலைக்கு உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரின் பெயரைக் கேட்டு ஒரு கோப்பு ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைத் தெரியாமல் நுழைந்தால், உயிர்நீத்தவரின் பெயர் இரண்டு கோஷ்டிகளின் சண்டையில் மாட்டிக்கொள்ளும். அப்படி இருந்தால் வேறு சாலை பாருங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

சாலை தில்லி மாநகராட்சியுடையது என்றால் உங்கள் வார்டு கவுன்சிலர்தான் தொடக்கம். அவர் முன்மொழிந்தால் பெயர் சூட்டும் குழுவுக்குப் போகும், அங்கிருந்து மாமன்றத்துக்கு. என்.டி.எம்.சி. பகுதியில் அதன் மன்றமே முடிவெடுக்கும். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 231ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பொதுப்பணித் துறைச் சாலை, மேம்பாலம் என்றால் தில்லி அரசின் நகர்ப்புற வளர்ச்சித் துறையில் இயங்கும் பெயர் சூட்டும் ஆணையத்துக்கு எழுத வேண்டும், சட்டமன்ற உறுப்பினரின் கடிதத்தோடு. மெட்ரோ நிலையங்களின் பெயர்களும் இந்த ஆணையத்திடம்தான் போகும்.

கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், அதில் இரண்டு பேராவது தமிழரல்லாத அக்கம்பக்கத்தவராக இருக்கட்டும். இது முக்கியம். தமிழர்கள் தமிழருக்காகக் கேட்கிறார்கள் என்று கோப்பு பார்க்கப்பட்டால் பக்கத்திலேயே இன்னொரு சமூகம் இன்னொரு பெயரோடு வரும். "எங்கள் காலனியைக் காத்தவர்" என்று பஞ்சாபிக்காரரும் பீகார்க்காரரும் சேர்ந்து சொன்னால் அந்தக் கதவு வேறு மாதிரி திறக்கும். அவர் பணி அப்படித்தானே இருந்தது, யாருடைய ஊர் என்று பார்த்தா காவலுக்கு நின்றார்?

திறப்பு விழாவில் கவுன்சிலரின் பெயர் கல்லில் வருமே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வரட்டும். கட்சிக் கொடியும் கட்சிச் சின்னமும் பலகையில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

குடும்பத்தின் சம்மதக் கடிதம். இறப்புச் சான்றிதழ். அவர் பணியாற்றிய பிரிவோ மாவட்டத் துணை ஆணையர் அலுவலகமோ தரும் கடிதம். அதில் பதவி, பணிக்காலம், பணியில் இருந்தபோது இறந்தார் என்ற விவரம் வேண்டும். மத்தியப் படைவீரர் என்றால் பணி நடவடிக்கையில் உயிரிழந்ததற்கான சான்றிதழ். பதக்கம் இருந்தால் அரசிதழில் வந்த அறிவிப்பின் நகல். காவல் பதக்கங்கள் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களை ஒட்டி அறிவிக்கப்படுகின்றன, அந்தத் தேதிகளை வைத்துத் தேடினால் கிடைக்கும்.

தியாகி என்று பொருள்படும் "ஷஹீத்" என்ற சொல்லுக்கு அரசுப் பதிவுகளில் வரையறை இல்லை. உள்துறை அமைச்சகமே இதைச் சொல்லியிருக்கிறது. ஆகவே தியாகி என்று சான்றளியுங்கள் என எந்த அலுவலகத்திடமும் கேட்காதீர்கள். அவர்களால் தர முடியாது, அதில் மாதங்கள் போகும். பெயருக்கு முன்னால் அதைச் சேர்ப்பது மரபாக நடக்கிறது, பலகையில் வைத்துக்கொள்ளலாம்.

சாணக்யபுரியில் இருக்கும் தேசிய காவலர் நினைவகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையின் தாக்குதலில் பத்துக் காவலர்கள் இறந்தார்கள். அந்த நாள்தான் காவலர் வீரவணக்க நாள். நினைவகம் திறக்கப்பட்டதும் அதே தேதியில், 2018இல். முப்பது அடி உயரக் கருங்கல் தூணைச் சுற்றியுள்ள சுவரில், விடுதலைக்குப் பின் பணியில் இறந்த காவலர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். திறந்தபோதே 34,000க்கும் மேல். நம்மவரின் பெயரைக் கண்டுபிடித்து, எப்படி எழுதியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் கோப்பில் இருந்தால் குழுவில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நீங்கள் எழுதப்போகும் பெயரும் அதுவும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

இவற்றோடு குடியிருப்போர் சங்கத்தின் தீர்மான நகல், அந்தச் சாலையில் வீடோ கடையோ வைத்திருப்பவர்களின் கையெழுத்துகள், ஒரு வரைபடம். வரைபடத்தை இணையத்திலிருந்து அச்செடுத்தால் போதும். தொடக்கமும் முடிவும் எந்தக் கட்டடம், எந்தச் சந்திப்பு என்று பேனாவால் எழுதுங்கள்.

கையெழுத்து வாங்கும்போது கடைக்காரர்கள் தயங்குவார்கள். ஆதார், ஜி.எஸ்.டி., வங்கி என்று எல்லா முகவரியையும் மாற்ற வேண்டிவருமோ என்ற பயம். பெயரில்லாத சாலை என்பதால் பழைய முகவரியில் எதுவும் பொய்யாகிவிடாது, கதவு எண்ணும் பின்கோடும் அப்படியே இருக்கும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். தயங்கியவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கையெழுத்துப் போடாத ஒருவர் பின்னால் ஆட்சேபக் கடிதம் கொடுத்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் கொடுங்கள். சாரம் இவ்வளவுதான்:

"எங்கள் பகுதியில் 'அ' சந்திப்பிலிருந்து 'ஆ' பள்ளி வரை செல்லும் சாலைக்கு இதுவரை பெயர் இல்லை, தங்கள் துறையின் தகவல் உரிமைப் பதில் இணைக்கப்பட்டுள்ளது. இப்பகுதியில் குடியிருந்த உதவி ஆய்வாளர் இன்னார், இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன பணியில் இருந்தபோது உயிர்நீத்தார். அவர் குடும்பத்தின் சம்மதத்தோடும் சாலையில் வசிப்போரின் ஒப்புதலோடும், அச்சாலைக்கு அவர் பெயரைச் சூட்டக் கோருகிறோம்."

மாவீரன், இமயம் போன்ற அடைமொழிகள் தேவையில்லை. அவர் செய்ததை ஒரு வரியில் சொன்னாலே படிக்கிறவருக்குப் புரியும். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வாயிலில் நின்ற சி.ஆர்.பி.எஃப். காவலர் கமலேஷ் குமாரி, தன் கையில் ஆயுதம் இல்லாதபோதும், தாக்க வந்தவர்களைக் கண்டு எச்சரிக்கை எழுப்பினார், குண்டடிபட்டு இறந்தார். இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது குறைவாகத்தான் தெரியும்.

கொடுத்த பிறகு

நகலில் முத்திரையும், மனுவைப் பதிந்துகொண்டதற்கான டயரி எண்ணும் வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வெளியே வராதீர்கள். அந்த எண்தான் இனி கோப்பின் பெயர். மாதம் ஒருமுறை அதைச் சொல்லி விசாரியுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ந்ததா என்று கேளுங்கள், "எப்போது நடக்கும்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தேர்தல் அறிவித்து நடத்தை விதிகள் வந்துவிட்டால் புதிய அறிவிப்புகளும் திறப்புகளும் நின்றுபோகும். அதனால் நினைவு நாளிலேயே திறப்பு என்று குடும்பத்துக்கு முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். ஊரிலிருந்து வயதான பெற்றோரை ரயிலேற்றிக் கூட்டிவந்தபின் விழா தள்ளிப்போனால் அவர்களால் தாங்க முடியாது.

பலகை எழுதும் முன்

தில்லித் தெருப் பலகைகளில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என நான்கு மொழிகள். நாம் சுப்பிரமணிய பாரதி என்று எழுதுகிறவர், கான் மார்க்கெட் பக்கத்துச் சாலையில் "பார்தி" ஆகிவிட்டார். நம் காவலரின் பெயர் கண்ணன், குமார் என்றால் கவலையில்லை. தமிழ்ச்செல்வன், எழிலரசன் என்றால் நாலு மொழி எழுத்துகளிலும் நாலு விதமாக வரும்.

இனிஷியலும் சிக்கல்தான். வடக்கே படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாததால், அப்பாவின் பெயரை அங்கே போட்டிருப்பார்கள். பணிப் பதிவில் "முருகன் பழனிசாமி", வீட்டில் "பி.முருகன்", நினைவகச் சுவரில் இன்னொன்று. எது பலகையில் வர வேண்டும் என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும்; மனு, தீர்மானம், பலகை எல்லாவற்றிலும் அந்த ஒன்றே இருக்கட்டும். நான்கு மொழியிலும் பெயரைத் தட்டச்சு செய்து, உருதுவும் பஞ்சாபி எழுத்தான குர்முகியும் படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் சரிபார்த்து, அந்தத் தாளை மனுவோடேயே கொடுங்கள். தீர்மானத்தில் ஏறிய பிழையைத் திருத்த இன்னொரு தீர்மானம் வேண்டும். எழுதுகிற நிறுவனத்திடமிருந்து அச்சுப்படியை வாங்கிப் பார்த்த பிறகுதான் பலகை தயாராக வேண்டும் என்று இளநிலைப் பொறியாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

பெயருக்குக் கீழே பதவியும் இறந்த தேதியும் சின்னதாக இருக்கட்டும். வெறும் பெயர் மட்டும் இருந்தால் பத்து வருடத்தில் அவர் யாரென்று அந்தத் தெருப் பிள்ளைகளுக்கே தெரியாமல் போகும்.

பெயர் வாயில் ஏற

திறப்பு முடிந்த வாரமே வேலையைத் தொடருங்கள். சாலையில் பேருந்து நிறுத்தம் இருந்தால், தீர்மான நகலை இணைத்து, நிறுத்தத்தின் பெயரையும் மாற்றக் கோரி தில்லி போக்குவரத்துத் துறைக்கு எழுதுங்கள். ராஜீவ் சவுக் விஷயத்தில் பார்த்ததுதான்: வண்டியில் சொல்லப்படும் பெயர்தான் நிலைக்கும். கூகுள் மேப்பில் சாலைப் பெயரைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. பலகையின் படத்தோடு அனுப்புங்கள், பலர் அனுப்பினால் நல்லது. தபால் நிலையத்துக்கு ஒரு நகல், காவல் நிலையத்துக்கு ஒரு நகல். சங்கத்தின் கடிதத் தாளிலும், கோயில் விழா அழைப்பிதழிலும், கல்யாணப் பத்திரிகையிலும் அந்தச் சாலைப் பெயரைப் போடுங்கள். உணவு வரவழைக்கும்போதும் முகவரியில் அதையே எழுதுங்கள். கொண்டுவருகிற பையன் ஒருமுறை தேடுவான், மறுமுறை நேராக வருவான்.

கோப்பு கடைசிவரை நகரவில்லை என்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. பூங்காவுக்கோ சந்திப்புக்கோ கேட்பது சாலையைவிடச் சுலபமாக முடியலாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றில் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு பரிசு வைக்கலாம்; அதற்கு மாமன்றத் தீர்மானம் எதுவும் தேவையில்லை, பள்ளி நிர்வாகத்தின் சம்மதமும் ஒரு வைப்புத்தொகையும் போதும்.

பலகை வந்துவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். டியூஷன் விளம்பரமும் தேர்தல் சுவரொட்டியும் அதன்மேல் ஒட்டப்படும், வாகனம் இடித்துக் கம்பம் சாயும். ஒட்டியதை அன்றைக்கே கிழித்துவிடுங்கள். சாய்ந்தால் சாலையை வைத்திருக்கும் துறையின் புகார் எண்ணில் படத்தோடு பதிந்து, தீர்மான எண்ணையும் குறிப்பிடுங்கள். சாலையை மறுபடி தோண்டும்போது பலகையைக் கழற்றி ஓரமாகப் போடுவார்கள். வேலை முடியும்வரை அதைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்து, திரும்ப நடும்போது கூட நில்லுங்கள்.